பாட்டும் படமும் பத்திரிகையும் இளைஞர் கையில்!

பாட்டுப் பாடினால் கூலி உயருமா? நாடகம் போட்டால் நிறவெறி ஒழியுமா? இப்படிக் கேட்பவர்கள் உண்டு. பாட்டும் நாடகமும் படமும் இருந்தால் போதும், கல்நெஞ்சமும் கரைந்துவிடும், பிறகு போராட்டமே தேவையில்லை என்று உபதேசம் செய்பவர்களும் உண்டு. இரண்டு கூற்றுமே தவறு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பு இன மக்கள் நடத்திய போராட்டத்தின் வரலாற்றைப் பார்த்தால் இது தெளிவாகும்.

அங்கே இளைஞர்களைத் திரட்டிய ஊழியர்களிடம் பணம் இல்லை. அதிகாரம் இல்லை. போலீஸ் அவர்கள் பக்கம் இல்லை. கோர்ட்டும் பெரும்பாலும் அவர்கள் பக்கம் இல்லை. அவர்களிடம் இருந்தவை ஒரு பாட்டு, ஒரு கரும்பலகை, ஒரு சைக்ளோஸ்டைல் மெஷின், ஒரு காமிரா. இவற்றை வைத்துக்கொண்டு அவர்கள் சாதித்தது என்ன? சாதிக்க முடியாமல் போனது என்ன? பஞ்சாலையில் நூல் நூற்பவர்களும் வயலில் நாற்று நடுபவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுருட்டுத் தொழிற்சாலையில் பிறந்த கீதம்

"வீ ஷல் ஓவர்கம்" என்ற பாட்டை அறியாதவர் குறைவு. இந்தியிலும் வங்காளத்திலும் அது பெயர்க்கப்பட்டு, நம் நாட்டு ஊர்வலங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஒலித்திருக்கிறது. இந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? பெரிய சங்கீத வித்வான் எவரும் இதை மாளிகையில் அமர்ந்து எழுதவில்லை. மாதாகோவிலில் பாடிவந்த பழைய பாட்டை மறியல் வரிசைக்குக் கொண்டுவந்தவர்கள் தொழிலாளிப் பெண்கள்.

1945-ஆம் ஆண்டு அக்டோபரில் தென் கரோலினா மாநிலத்தின் சார்லஸ்டன் நகரில் சுருட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பு இனப் பெண்கள். கூலி உயர்வு கேட்டார்கள், நிறபேதம் கூடாது என்றார்கள். குளிர்காலம் வந்தது, மழை பெய்தது. வாசலில் நின்ற மறியல்காரர்களுக்கு ஊக்கம் குன்றாமல் இருக்க இந்தப் பாட்டைப் பாடினார்கள். ஒருமையில் 'நான்' என்று இருந்த பாட்டு அங்கே 'நாம்' என்று ஆயிற்று. இந்த ஒரு சொல் மாற்றத்தில்தான் தொழிற்சங்கத்தின் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது!

அந்தப் போராட்டத்தில் ஈடுபட்டவர்கள் டென்னஸி மாநிலத்தில் மலைமேல் இருந்த ஹைலாண்டர் என்னும் பள்ளிக்குச் சென்றபோது பாட்டையும் எடுத்துச் சென்றார்கள். அந்தப் பள்ளியின் இசை ஊழியர் ஸில்ஃபியா ஹார்ட்டன் அதைக் கற்றுக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தார். 1956-இல் அவர் இறந்தார். 1959-இல் அந்தப் பொறுப்புக்கு வந்த கை கேரவன், 1960 ஏப்ரலில் வட கரோலினாவின் ராலே நகரில் கூடிய மாணவர்களுக்கு இதைப் பாடிக் காட்டினார். அந்தக் கூட்டத்தில்தான் 'மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு' பிறந்தது. அன்று முதல் அது நாடெங்கும் இளைஞர்களின் கீதமாயிற்று. தொழிற்சாலை வாசலிலிருந்து மாணவர் மாநாட்டுக்கு வந்த பாட்டு அது. அந்த வழியை நாம் மறக்கக் கூடாது.

கேள்வி கேட்கும் பள்ளிக்கூடம்

ஹைலாண்டர் பள்ளியை மைல்ஸ் ஹார்ட்டனும் அவருடைய சகாக்களும் 1932-இல் தொடங்கினார்கள். முதலில் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் அங்கே வந்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் உண்பது பல இடங்களில் சட்டவிரோதமாக இருந்த காலத்தில், அங்கே இருவரும் ஒன்றாக உண்டார்கள், ஒன்றாகப் பாடினார்கள்.

அங்கே பரீட்சை கிடையாது. பட்டம் கிடையாது. மேடை ஏறி இரண்டு மணி நேரம் முழங்கும் தலைவரும் கிடையாது. வட்டமாக உட்காருவார்கள். உன் ஊரில் என்ன கஷ்டம்? அதற்கு யார் காரணம்? இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்? ஊர் திரும்பியதும் என்ன செய்யப் போகிறாய்? இவைதான் பாடங்கள். 1955 கோடையில் அங்கே வந்திருந்தவர்களில் ஒருவர் ரோஸா பார்க்ஸ் என்ற தையற்காரப் பெண்மணி. அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி மாண்ட்காமரி நகர பஸ்ஸில் வெள்ளையருக்காக எழுந்திருக்க மறுத்துக் கைதானவர் அவரே.

இந்தப் பள்ளியைக் கண்டு ஆட்சியாளர் நடுங்கினர். 1959 ஜூலையில் போலீஸ் புகுந்து சோதனை போட்டது. விளக்குகள் அணைந்த இருட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். தங்களுக்குப் பயமில்லை என்று சொல்லும் ஓர் அடியைப் பள்ளிச் சிறுமி ஒருத்தி அந்த இடத்திலேயே சேர்த்தாள். 1961-இல் பள்ளியின் உரிமத்தை ரத்து செய்து சொத்தையும் பறித்துக்கொண்டது அரசு. ஆனால் ஊழியர்கள் புதிய பெயரில் வேறிடத்தில் மறுபடி தொடங்கினார்கள். கட்டிடத்தைப் பறிக்கலாம், கற்றதைப் பறிக்க முடியுமா?

இந்தப் பள்ளியின் இன்னொரு பெரிய சாதனை எழுத்தறிவு. தென் மாநிலங்களில் கறுப்பர் வாக்காளராகப் பதிய வேண்டுமானால் படித்துக் காட்ட வேண்டும். படித்தாலும் போதாது, பதிவு அதிகாரி காட்டும் சட்டப் பிரிவுக்கு விளக்கமும் சொல்ல வேண்டும். விளக்கம் சரியா தவறா என்று தீர்மானிப்பவர் அதே வெள்ளை அதிகாரி! இந்தச் சூழ்ச்சியை முறியடிக்க 1957 ஜனவரியில் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் ஓர் இரவுப் பள்ளி திறக்கப்பட்டது. கறுப்பர் உரிமைச் சங்கத்தில் உறுப்பினராக இருந்த குற்றத்துக்காக அரசுப் பள்ளியில் வேலை இழந்த செப்டிமா கிளார்க் அதை வகுத்தார். முதல் ஆசிரியை பெர்னிஸ் ராபின்ஸன் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்து பிழைத்தவர். வந்த 14 பேரிடம் அவர் முதலில் கேட்டது, உங்களுக்கு என்ன கற்க வேண்டும் என்பதே. கையெழுத்துப் போட வேண்டும், கடிதம் படிக்க வேண்டும், ஓட்டுப் போட வேண்டும் என்றார்கள். அங்கிருந்து பாடம் தொடங்கியது. பின்னர் இத்தகைய பள்ளிகள் தென் மாநிலங்கள் எங்கும் பரவின.

ஒரு புகைப்படம், ஒரு வானொலி

1955 ஆகஸ்டில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனை மிசிசிப்பி மாநிலத்தில் வெள்ளை வெறியர்கள் அடித்துக் கொன்று ஆற்றில் எறிந்தார்கள். முழுதும் வெள்ளையரே அடங்கிய ஜூரி கொலையாளிகளை விடுதலை செய்தது. மகனின் சிதைந்த முகத்தை மூடி மறைக்க அந்தத் தாய் சம்மதிக்கவில்லை. உலகம் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்து வைத்தார். கறுப்பர் நடத்திய 'ஜெட்' பத்திரிகை அந்தப் படத்தை அச்சிட்டது. பிற்காலத்தில் போராட்டத்தில் குதித்த இளைஞர்களில் பலர், அந்தப் படத்தைப் பார்த்த நாளை மறக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பெரிய முதலாளிப் பத்திரிகைகள் காட்டத் துணியாததைச் சொந்தப் பத்திரிகை காட்டியது.

1963 மே மாதம் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் நடந்ததைப் பாருங்கள். வேலை போய்விடும் என்று பெரியவர்கள் தயங்கிய வேளை. ஜேம்ஸ் பெவல், டோரத்தி காட்டன் முதலிய ஊழியர்கள் மாதாகோவில்களில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டினார்கள். நாஷ்வில் நகர மாணவர்கள் ஓட்டல்களில் உட்கார்ந்து நடத்திய மறியலைப் பற்றிய திரைப்படத்தைக் காட்டினார்கள். அடித்தால் எப்படித் தாங்குவது, தலையை எப்படிக் காப்பது என்று பயிற்சி கொடுத்தார்கள். உள்ளூர் வானொலியில் பாட்டுப் போடும் கறுப்பு இன அறிவிப்பாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பூங்காவில் விருந்து, பல் துலக்கும் பிரஷ்ஷோடு வாருங்கள் என்று அறிவித்தார்கள். போலீஸுக்கு அது விருந்து அறிவிப்பு. பிள்ளைகளுக்கு அது சிறை செல்லும் அழைப்பு!

மே 2-ஆம் தேதி பிள்ளைகள் அணி அணியாகப் புறப்பட்டார்கள். சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். நாய்களை ஏவினார்கள். தீயணைக்கும் குழாய் நீரைப் பிள்ளைகள்மேல் பீய்ச்சினார்கள். அந்தப் படங்கள் உலகத்தின் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. 'சுதந்திர உலகத்தின்' காவலன் என்று மார் தட்டிக்கொண்ட அமெரிக்க ஆட்சி தலைகுனிந்தது.

பிள்ளைகளை அனுப்பலாமா என்று அன்றே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதே ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி அதே நகரில் மாதாகோவிலில் வெள்ளை வெறியர்கள் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. ஊர்வலம் போனாலும் போகாவிட்டாலும் நிறவெறி பிள்ளைகளை விட்டுவைக்கவில்லை என்பதே உண்மை. ஆனால் இதனால் ஊழியரின் பொறுப்பு குறைந்துவிடாது, கூடத்தான் செய்கிறது. பாட்டால் இளைஞன் நெஞ்சில் தீ மூட்டிவிட்டு, அவன் கைதானபோது வக்கீலுக்கும் பிணைக்கும் வழி செய்யாதவன் ஊழியன் அல்ல, வேடிக்கைக்காரன். பர்மிங்ஹாமில் பயிற்சி இருந்தது, அமைப்பு இருந்தது. மோட்டார் தொழிலாளர் சங்கம் முதலான தொழிற்சங்கங்கள் பிணைத்தொகை திரட்டி அனுப்பின. பாட்டுக்குப் பின்னால் சங்கம் நின்றது!

மிசிசிப்பியின் கோடை

1964 கோடையில் மிசிசிப்பியில் 41 'விடுதலைப் பள்ளிகள்' நடந்தன. 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். சார்லஸ் காப் என்ற இளைஞர் வகுத்த திட்டம் இது. பருத்தி பறிக்கும் கையே போதும், படிப்பு எதற்கு என்று நினைத்த அரசு, கறுப்பர் பள்ளிகளை எப்படி வைத்திருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? அங்கே கேள்வி கேட்கவே விடமாட்டார்கள். விடுதலைப் பள்ளியிலோ கேள்விதான் பாடம். வெள்ளையரிடம் இருப்பதில் நமக்கு வேண்டியது எது? வேண்டாதது எது? நம்மிடம் இருப்பதில் காப்பாற்ற வேண்டியது எது? இவற்றுக்குப் பிள்ளைகளே விடை தேடினார்கள்.

பிள்ளைகளே பத்திரிகை நடத்தினார்கள். தாங்களே எழுதி, தாங்களே தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் எடுத்து விநியோகித்தார்கள். ஹாலி ஸ்பிரிங்ஸ் ஊரின் மாணவர்கள், 1963 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்ட தலைவர் மெட்கார் எவர்ஸின் வாழ்க்கையை வைத்துத் தாங்களே நாடகம் அமைத்தார்கள். மக்கோம் என்ற ஊரில் இயக்கத்தின் வீட்டுக்குக் குண்டு வைத்துவிட்டார்கள். பயந்துபோன பெரியவர்கள் பள்ளி நடத்த மாதாகோவிலில் இடம் கொடுக்கவில்லை. பிள்ளைகள் வெளியே புல்தரையில் உட்கார்ந்து படித்தார்கள். 16 வயது மாணவி ஒருத்தி இதைப் பற்றி ஒரு கவிதை எழுதினாள். நாங்கள் பயப்படாதபோது நீங்கள் பயப்படலாமா என்ற கருத்து அதில் இருந்தது. கவிதை ஊரில் பரவியது. பெரியவர்கள் வெட்கினார்கள், கதவு திறந்தது. ஒரு கவிதை கதவைத் திறக்கும். எப்போது? எழுதியவளும் வாசலில் நின்றுகொண்டிருக்கும்போது!

ஜான் ஓநீல், டோரிஸ் டெர்பி, கில்பர்ட் மோசஸ் என்ற இளைஞர்கள் 'விடுதலைத் தென்னக நாடகக் குழு'வை அமைத்து, ஊர் ஊராகச் சென்று கட்டணம் இல்லாமல் நாடகம் போட்டார்கள். நாடகக் கொட்டகையையே பார்த்தறியாத பண்ணைத் தொழிலாளர் அவர்களுடைய ரசிகர்கள். நாடகம் முடிந்ததும் மக்கள் எழுந்து நின்று பேசுவார்கள், விவாதிப்பார்கள்.

இதெல்லாம் பூப்பந்தல் போட்டு நடந்த விழா அல்ல. ஜூன் 21-ஆம் தேதி ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று ஊழியர்களைக் கடத்திக் கொன்றார்கள். ஒருவர் கறுப்பர், இருவர் வெள்ளையர். ஆகஸ்ட் 4-ஆம் தேதி மண் அணைக்கு அடியிலிருந்து உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். அதே ஆகஸ்டில், சேனியின் சொந்த ஊரான மெரிடியனில், விடுதலைப் பள்ளி மாணவர்கள் மாநாடு கூடி, வேலை, வீடு, பள்ளி, வாக்குரிமை பற்றித் தங்கள் கோரிக்கைகளை வகுத்தார்கள். கொலை அவர்களை வீட்டுக்குள் அடைக்கவில்லை.

பருத்திக் காட்டிலிருந்து ஒரு குரல்

விவசாயத் தொழிலாளத் தோழர்கள் ஃபேனி லூ ஹேமரை அறிந்துகொள்ள வேண்டும். 20 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். ஆறு வயதிலேயே பருத்தி பறிக்கப் போனவர். 1962 ஆகஸ்ட் 31-ஆம் தேதி 44 வயதில், வேறு 17 பேருடன் வாக்காளராகப் பதியப் பஸ்ஸில் போனார். பஸ்ஸில் எல்லோரும் பயந்து ஒடுங்கியிருந்தபோது பாட ஆரம்பித்தவர் அவர். திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி அபராதம் போட்டது. குற்றம் என்ன? பஸ்ஸின் மஞ்சள் நிறம் பள்ளிக்கூட பஸ்ஸைப் போல இருக்கிறதாம்! அன்றிரவே, 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அவரை வெளியேற்றினான் பண்ணை முதலாளி. அடுத்த ஆண்டு வினோனா சிறையில் அவரை அடித்த அடியின் ஊனம் கடைசி வரை தீரவில்லை.

1964 ஆகஸ்ட் 22-ஆம் தேதி ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் அவர் சாட்சியம் சொன்னார். தொலைக்காட்சி நேரடியாகக் காட்டியது. ஜனாதிபதி ஜான்சன் பதறிப்போய், காமிராக்களை அங்கிருந்து இழுக்கத் திடீரென்று பத்திரிகையாளர் கூட்டம் கூட்டினார். பலித்ததா? இரவுச் செய்தியில் அவர் பேச்சை மறுபடி ஒலிபரப்பினார்கள், மேலும் அதிகம் பேர் கேட்டார்கள். பள்ளிப் படிப்பு ஆறாண்டு மட்டுமே பெற்ற ஒரு கூலிக்காரப் பெண்ணின் சொல்லுக்கு நாட்டின் ஜனாதிபதி அஞ்சினார்!

1965 ஆகஸ்ட் 6-ஆம் தேதி வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது. சட்டத்துக்கு முன் மிசிசிப்பியில் வாக்குரிமை வயதுடைய கறுப்பரில் 100-க்கு 7 பேர்கூடப் பதிவாகியிருக்கவில்லை. 1967-க்குள் 100-க்கு சுமார் 60 பேர் பதிவானார்கள்.

எது கைகூடவில்லை?

வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. அதே 1965-இல் மிசிசிப்பிப் பருத்திக் காடுகளில் களை கொத்துபவர்கள் தொழிலாளர் சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை வேலைக்கு நாளொன்றுக்கு 3 டாலர் கூலி. மணிக்கு 1.25 டாலர் கேட்டார்கள். பாட்டு இருந்தது, துணிவு இருந்தது. ஆனால் பண்ணை முதலாளிகள் குடிசைகளிலிருந்து துரத்தினார்கள். களைக்கொல்லி மருந்தும் அறுவடை இயந்திரமும் முதலாளிக்குத் துணை நின்றன. வேலைநிறுத்த நிதி இல்லை. கோரிய கூலி கிடைக்கவில்லை. வாக்குச்சீட்டைப் பெற்றுத் தந்த இயக்கத்தால் நிலத்தையும் கூலியையும் பெற்றுத்தர முடியவில்லை.

இது எதைக் காட்டுகிறது? கலை பயத்தை விரட்டும், தனியாய் நின்றவனைக் கூட்டத்தோடு சேர்க்கும், மறைத்த உண்மையை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். ஆனால் நிலம் யாருக்கு, ஆலை யாருக்கு என்ற கேள்விக்குக் கலை தனியாக விடை தந்துவிடாது. அதற்குச் சங்கம் வேண்டும். அந்தச் சங்கத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர வேண்டும். வெள்ளைத் தொழிலாளிக்கு நிறப்பெருமையைக் கொடுத்துவிட்டு இரண்டு பேருக்கும் கூலியைக் குறைப்பதே தென்னக முதலாளிகளின் பழைய வித்தை.

அந்த உண்மையை உணர்ந்த ஊழியர்களும் இருந்தார்கள். மரியா வரேலா என்ற பெண்மணி, பேட்ஸ்வில் ஊரில் வெண்டைக்காய் பயிரிட்ட கறுப்பு இனச் சிறு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் கட்டிய கதையைப் படங்களோடு, எளிய எழுத்தில் வெளியிட்டார். அதைப் பார்த்து மற்ற ஊர்க்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். அழுகையை மட்டும் காட்டாமல் வழியையும் காட்டுவதல்லவா நல்ல படம்?

இன்றைய நிலை

இந்தக் கதை முடிந்துவிடவில்லை. 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான பாதுகாப்பு ஒன்றைச் செயலற்றதாக்கியது. 2019 மார்ச் 29-ஆம் தேதி ஹைலாண்டர் நிலையத்தின் அலுவலகக் கட்டிடம் தீக்கிரையாயிற்று. அருகே வெள்ளை வெறியர்களின் சின்னம் வரையப்பட்டிருந்தது. 2021-இல் டென்னஸி உட்படப் பல மாநிலங்கள், நிறவெறியைப் பற்றிப் பள்ளியில் கற்பிப்பதற்கே கட்டுப்பாடு விதித்துச் சட்டம் செய்தன. அன்று பள்ளியைப் பூட்டினார்கள், பின்னர் பாடத்தையே பூட்டப் பார்த்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2020 மே 25-ஆம் தேதி மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தைப் போலீஸ்காரன் முழங்காலால் அழுத்திக் கொன்றான். போலீஸ் வெளியிட்ட முதல் அறிக்கை அதை உடல்நலக் கோளாறால் நேர்ந்த மரணம் என்று சொல்லிற்று. வழியே போன 17 வயதுப் பெண் தன் கைபேசியில் எடுத்த படம் அந்தப் பொய்யை உடைத்தது. கோடிக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். 2021 ஏப்ரலில் அந்தப் போலீஸ்காரனைக் கொலைகாரன் என்று ஜூரி தீர்ப்பளித்தது. 1955-இல் ஒரு தாய் திறந்து வைத்த சவப்பெட்டி செய்ததை, 2020-இல் ஒரு பெண்ணின் கைபேசி செய்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைபேசி இளைஞன் கையில் இருக்கிறது. அதில் ஓடும் படத்தை யாருக்குக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்பதைத் தீர்மானிப்பது பெரிய கம்பெனிகள். கோடீஸ்வரர்களின் அறக்கட்டளைப் பணத்தில் நடக்கும் கலைப் பயிற்சி முகாம்களும் ஏராளம். அவற்றில் நல்லவையும் உண்டு. ஆனால் சுவரில் சித்திரம் எழுது, கூலியைப் பற்றிப் பேசாதே. நிறத்தைப் பற்றிப் பாடு, நிலத்தைப் பற்றிக் கேட்காதே என்று எல்லை போட்டால், அது கலையைக் கூண்டில் அடைப்பதாகும்.

"வீ ஷல் ஓவர்கம்" பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1960-இல் அதற்குக் காப்புரிமை பதிவாயிற்று. வந்த பணம் தென்னகத்துக் கறுப்பு இன மக்களின் முயற்சிகளுக்கு உதவியது உண்மையே. ஆயினும் மக்கள் பாட்டுக்கு உரிமையாளர் யார் என்று வழக்கு எழுந்தது. 2018-இல் அது பொதுச் சொத்து என்று முடிவாயிற்று. மறியல் வரிசையில் நின்ற பெண்களின் பாட்டு எல்லோருக்கும் உரியதாயிற்று.

கற்க வேண்டியது

இந்த வரலாற்றிலிருந்து இளைஞர்களிடையே பணிபுரியும் எவரும் சில பாடங்களைக் கற்கலாம். ஒன்று: ஊழியர் பேசுவதைக் குறைத்துக் கேட்பதைக் கூட்ட வேண்டும், பெர்னிஸ் ராபின்ஸன் செய்தது அதுவே. இரண்டு: பேனாவும் காமிராவும் ஒலிபெருக்கியும் இளைஞர் கைக்கே போக வேண்டும். அவர்களைப் பற்றிப் பிறர் எழுதும் நாடகத்தைவிட, அவர்களே எழுதும் அரைகுறை நாடகம் ஆயிரம் மடங்கு மேல். மூன்று: தட்டி எழுப்பிய பிறகு தனியே விடக் கூடாது, பயிற்சியும் வக்கீலும் பிணையும் சங்கமும் பின்னால் நிற்க வேண்டும். நான்கு: நிறத்தின் பேரால் நடக்கும் கொடுமையையும் கூலியின் பேரால் நடக்கும் கொடுமையையும் பிரித்துப் பார்க்கக் கூடாது. சார்லஸ்டன் சுருட்டுத் தொழிலாளிப் பெண்கள் இரண்டையும் ஒரே மறியலில் எதிர்த்தார்கள்.

பாட்டுப் பாடினால் கூலி உயருமா என்று கேட்டவர்களுக்கு நம் பதில் இதுதான்: பாடுகிறவர்கள் வரிசையாக நின்று பாடினால், பாடி முடித்ததும் வரிசை கலையாமல் நின்றால், உயரும்! டென்னஸி அரசும் ஜனாதிபதி ஜான்சனும் எதற்கு அஞ்சினார்களோ, அந்த ஆயுதத்தின் வலிமையை உழைக்கும் மக்களின் பிள்ளைகள் குறைத்து எடைபோடக் கூடாது. 'நான்' என்பதை 'நாம்' என்று மாற்றிய அந்தத் தொழிலாளிப் பெண்களின் பாடம் எல்லா நாட்டுத் தொழிலாளருக்கும் பொதுச் சொத்தாகட்டும்!